கிளுவைக்கு ஊத்தின தண்ணி

சிந்தாமணியக்கா வீட்டுக்குங்களா? அக்கா இல்லீங்களே. சந்தைக்குப் போயிருக்காங்க. வர்றதுக்குப் பொழுது எறங்கிரும். இந்த வெயில்ல இட்டேரியிலயே நடந்து வந்துட்டீங்க, ரெண்டு பக்கமும் வேலி, காத்துக்கூட உள்ள வராது. வாங்க, இப்படி நிழல்ல உக்காருங்க. அந்தக் கட்டில்லயே உக்காருங்க, பரவால்லீங்க, பாப்பா துணியை நான் எடுத்துக்கறேன். பையைக் கீழ வைங்க. கனமா இருக்குமாட்டத் தெரியுது.

இந்தாங்க தண்ணி. குடிச்சுப் பாருங்க.

இனிக்குதுங்களா? யாரு குடிச்சாலும் சொம்பைக் கீழ வைக்க மாட்டாங்க. இது எங்க தண்ணி இல்லீங்க. எங்க கிணத்துத் தண்ணி உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, துவைச்ச துணி காஞ்சா அப்பளமாட்டம் நிக்கும். இது அக்கா வீட்டு போர்த் தண்ணி. நான் போய்க் கொண்டாந்தது.

நீங்க அக்காவுக்கு என்ன வேணும்?

கூடப் படிச்சவங்களா. ஓ.

சரிங்க. இருங்க. வெயில் தாழட்டும். நான் அதிகமாப் பேச மாட்டேனுங்க, தப்பா நினைச்சுக்காதீங்க. சின்னதுல இருந்தே அப்படித்தான். அஞ்சாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனேன், டீச்சர் பேர் கூப்பிட்டா ‘உள்ளேன்’னு சொல்றதுக்கே நாக்கு ஒட்டிக்கும். ஆளைப் பார்த்தா அடுப்படிக்குள்ள போயிருவேன். இன்னிக்கு என்னமோ உங்களை வாசல்ல நிறுத்தி நானா கூப்பிட்டேன்.

அது மோட்டார் சத்தமுங்க. அக்கா வீட்டு மோட்டார்தான். இல்லீங்க, ஆளு இல்லாட்டியும் ஓடும். கரண்டு வந்தா தானா ஓடும். அப்படி ஒரு பெட்டி வச்சிருக்காங்க.

நான் பொறந்தது காவிரிக் கரைங்க. கரூருக்குக் கிழக்க. வாய்க்கா, வாழை, கோரை. தண்ணியை நாங்க திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம், அத்தனை தண்ணி. கட்டிக் குடுத்தது இங்க. மொதல் மொதல்ல எங்கம்மா என்னைப் பார்க்க வந்தப்ப, பஸ்ஸை விட்டு எறங்கி நடந்து வந்து, இங்க நின்னு சுத்தியும் ஒரு பார்வை பார்த்துட்டு, “ஏண்டி துளசி, இங்க காக்கா பறந்தாக்கூட அதுவே சொம்புல தண்ணி எடுத்துக்கிட்டுத்தான் பறக்கோணுமாட்ட இருக்குதே”ன்னு கேட்டாங்க. அவங்க சிரிச்சாங்க. நான் காப்பி போடறேன்னு அடுப்படிக்குள்ள போயிட்டேன்.

கொறங்காடு உங்களுக்குத் தெரியுமில்லீங்களா? உழவு கிடையாது, வெள்ளாமை கிடையாது. கொழுக்கட்டைப் புல்லு, நடுநடுவ வெள்வேல மரம், சுத்தியும் கிளுவை முள்ளு வேலி. மாட்டை உள்ள விட்டுக் கடவை அடைச்சுட்டா அது பாட்டுக்கு மேஞ்சுக்கும். ஆளே வேண்டாம். என்னையும் அப்படி உள்ள விட்டு அடைச்ச மாதிரிதான். மாமியார் மூத்த மகன் வீட்டோட டவுனுக்குப் போயிட்டாங்க. மிச்சம் நான், பாப்பா, எங்க வீட்டுக்காரர், மாடுக. கூப்பிட்டாக் கேக்கற தூரத்துல வீடு கிடையாது. இந்த வேலிக்கு அந்தப் பக்கம் ஒண்ணு மட்டும் இருக்கு, சிந்தாமணியக்கா வீடு. ஆனா நான் கூப்பிடற ஆளு இல்லையே.

எங்க வீட்டுக்காரர் நல்லவருங்க. ஒரு கெட்ட பழக்கம் இல்லை. பேச்சுந்தான் இல்லை. மாட்டைப் பார்த்து ‘ஹோ’ங்கறதுல பாதி எங்கிட்டப் பேசுனாப் போதும்னு நினைப்பேன். காலையில என்ன குழம்புன்னு கேட்டாருன்னா அன்னிக்கு நோம்பி, பண்டிகை மாதிரி.

இப்படி இருக்கறப்பத்தான் எங்க கிணறு கெட்டுப் போச்சு. முன்னெல்லாம் லேசா உப்புக் கரிக்கும், அவ்வளவுதான். அந்தக் கோடையில மாடே மோந்து பார்த்துட்டுத் தலையைத் திருப்பிக்கிச்சு. மயிலைன்னு ஒரு மாடு இருக்கு பாருங்க, அங்க, கொம்பு ரெண்டும் வளைஞ்சு நிக்குதே, அதுதான். அது தொட்டியில மூக்கை விட்டுட்டு எங்க வீட்டுக்காரரை ஏறிட்டுப் பார்த்துது பாருங்க ஒரு பார்வை! உன்னை நம்பித்தானே இங்க இருக்கேன்னு கேக்கற மாதிரி.

அந்த நேரத்துலதான் சிந்தாமணியக்கா வீட்டுக்காரர் வந்தாரு. அவரு போர் வண்டி டிரைவர், தெரியுமில்ல உங்களுக்கு? வடக்க எங்கெங்கயோ போய்ப் பூமியில ஓட்டை போடுவாரு, பொங்கலுக்குப் பொங்கல்தான் வருவாரு. ஊரெல்லாம் தண்ணி எடுத்துக் குடுக்கறவரு சொந்தக் காட்டுல போடவே இல்லை. அந்தத் தடவை வண்டி இந்தப் பக்கமா வந்துச்சுன்னு ராவோட ராவாப் போட்டுட்டுப் போயிட்டாரு. வெடியால பார்த்தா அந்தக் காடே சேறு. நல்ல தண்ணி. இளநி மாதிரி.

அன்னிக்கே வேலிக்கு மேல அக்கா குரல் கேட்டுச்சு. “தம்பீ! மாட்டை ஓட்டிட்டு வா! தொட்டியில விட்டிருக்கறேன்!”

எங்க வீட்டுக்காரர் வேலிகிட்டப் போய், “எத்தனை மாடுன்னு தெரியுமல்லோ? கட்டுமாக்கா?”ன்னாரு.

“வாயில்லாச் சீவனுக்குத் தண்ணி காட்டக் கணக்குப் பார்க்கறதா? வேலியில ஒரு கடவு வெட்டிக்க. இட்டேரி சுத்தி வந்தா மாடு வர்றப்ப குடிச்ச தண்ணி போறப்ப ஆவியாயிரும்.”

கடவு வெட்டியாச்சு. ஒரு ஆளும் ஒரு மாடும் போற அளவு. தினம் உரும நேரத்துக்கு, உச்சி வெயில்ல, மாட்டை ஓட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போவாரு. மாடு குடிச்சு, அசை போட்டு, திரும்பறதுக்கு நேரமாகும். எனக்கு அதுல ஒண்ணுமில்லீங்க. மாடு தண்ணி குடிச்சா எனக்குச் சந்தோஷந்தானே.

ஆனா வர்றப்ப சிரிச்சுக்கிட்டே வருவாரு.

எங்க வீட்டுக்காரர் சிரிச்சு நான் பார்த்தது கல்யாண போட்டோவுலதான். அதுவும் போட்டோக்காரர் சொல்லி. இப்ப தானா சிரிச்சுக்கிட்டு வர்றாரு. “என்ன சிரிப்பு?”ன்னேன். “ஒண்ணுமில்லை, அந்தக்கா என்னமோ சொல்லுச்சு”ன்னாரு. “என்ன சொல்லுச்சு?” “மறந்து போச்சு.” மறந்து போனதுக்கு ஒருத்தர் சிரிப்பாங்களா, நீங்களே சொல்லுங்க?

தம்பின்னு கூப்பிட்டா ஆச்சுங்களா? வாயில தம்பின்னு வச்சுக்கிட்டா மனசுக்குப் பூட்டுப் போட்ட மாதிரியா? அப்பெல்லாம் நான் அக்கான்னு சொல்ல மாட்டேன். அந்தப் பொம்பளைன்னுதான் மனசுக்குள்ள சொல்லுவேன். நேருல பார்த்தது கூட இல்லை சரியா. வேலிச் சந்துல சேலை தெரியும், குரல் கேக்கும். நல்ல கணீர்னு குரல். ஆடுககிட்டப் பேசும், கோழிகிட்டப் பேசும், மோட்டாரைத் திட்டும். அந்தப் பக்கம் ஒரு ஆளுதான், ஆனா கல்யாண வீடு மாதிரிக் கேக்கும். இந்தப் பக்கம் மூணு பேரு. ஆத்து மணல்ல நடந்த மாதிரி சத்தமே இல்லை.

ஒரு நாளைக்கு வந்து, “பாப்பாவுக்குப் பல்லு மொளைச்சிருச்சான்னு கேட்டுச்சு”ன்னாரு. எனக்கு எப்படி இருக்கும்? எம் புள்ளை பல்லைக் கேக்க அந்தப் பொம்பளை யாரு? பொழுதோட உப்பு மொளகா எடுத்துப் பாப்பாவுக்குச் சுத்தி அடுப்புல போட்டேன். நெடியே வரலை. அப்படின்னா எத்தனை கண்ணு பட்டிருக்கோணும்! இன்னொரு நாளைக்கு, “உம் பொண்டாட்டி ஏன் வேலிப்பக்கமே வர்றதில்லைன்னு கேட்டுச்சு”ன்னாரு. நான் வராம இருந்தாத்தானே அவளுக்கு வசதி? எதுக்குக் கேக்கறா? நல்லா யோசிச்சுப் பாருங்க.

வர்றப்ப ஒரு குடம் நல்ல தண்ணி தோள்ல வச்சுக் கொண்டாந்து எறக்குவாரு. “இதுல காப்பி போடு. பருப்பு வேக வையி”ம்பாரு. நான் அவருக்கு மட்டும் அதுல போடுவேன். எனக்கு உப்புத் தண்ணியே. மிச்சத்தைக் கொண்டு போய்ப் பின்னால கருவேப்பிலைச் செடிக்கு ஊத்திருவேன். அது பாருங்க, வேணும்னே செழிச்சுது. எங்கூருல இருந்து கொண்டாந்து வச்ச செடி, நான் ஊத்துன தண்ணியில ஒரு வருசம் நரைச்சுக் கிடந்துச்சு, அவ தண்ணி பட்டதும் மினுமினுன்னு. செடிமேலயே எனக்குக் கோபம் வந்துருச்சு.

உங்க பையில என்னங்க வாசம்? தேங்காப் பன்னா? அக்காவுக்குப் பிடிக்கும்னா? முன்னப் பிடிக்குமோ என்னமோ. இப்பெல்லாம் பலகாரம் தொடறதில்லீங்க. நான் கச்சாயம் சுட்டா மட்டும் ஒண்ணு தின்பாங்க.

எங்க விட்டேன்? ஆங். ஐப்பசியில ஒரு நல்ல மழை பேஞ்சுது. எங்க வீட்டுக்காரர் அவரு தங்கச்சி வளைகாப்புக்குப் போயிட்டாரு. பாப்பாவுக்குச் சளின்னு நான் போகலை. மழை பேஞ்ச மண்ணு, வீட்டுல ஆளு இல்லை. கொடுவாளை எடுத்துட்டுப் போனேன். கிளுவைக் கொப்பு வெட்டினேன். வெட்டி வெட்டி அந்தக் கடவுல நெருக்கமா நட்டேன். கிளுவை சும்மா வெட்டி நட்டாலே துளிர்க்கும், அதுக்குத்தானே இங்க அதை வேலியா வைக்கறாங்க. பாப்பாவை வெள்வேல மரத்துல தூளி கட்டிப் போட்டுட்டு, நட நட அழுகையா வருது. முள்ளு கையைக் கிழிச்சுருச்சு. அதுக்காகத்தான் அழுதேன். வேற ஒண்ணுக்குமில்லை.

அவரு வந்து பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. “கடவை யாரு அடைச்சது?”

“நாந்தான். பாம்பு வருது.”

“ஏன், பாம்பு கடவு பார்த்துத்தான் வருமா?”

அதோட சரி. புடுங்கி எறிவாரோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். எறியலை. மழைத் தண்ணி குட்டையில நின்னுச்சு, மாட்டுக்கு அது போதும்னு விட்டுட்டாரு. அதுக்கு மேல மழையே இல்லை அந்த வருசம். அங்கங்க வேலியில புதுசா நட்ட கொப்பெல்லாம் காஞ்சு வெறகாப் போச்சு. நான் நட்டது மட்டும் துளிர்த்துச்சு! பச்சைப் பசேல்னு. எங்க மாமியார் சொல்லுவாங்க, துளிர் விட்ட வேலியைப் புடுங்கினா பட்டிக்கு ஆகாதுன்னு, மாடு கன்னு நிக்காதுன்னு. அதனால அவரும் கை வைக்கலை. எனக்கு எப்படி இருந்துச்சுங்கறீங்க! எங் கை ராசி பாரு, எம் பக்கம் நாயம் இருக்கு, அதான் மழையில்லாமயே துளிர்க்குதுன்னு தினம் போய்ப் பார்த்துட்டு வருவேன்.

மாசி வந்துச்சு. குட்டை வத்திப் போச்சு. எங்க கிணத்துல வாய் வைக்க முடியலை. அவரு என்ன பண்ணினாரு? மாட்டை ஓட்டிக்கிட்டு இட்டேரி சுத்திக் கிளம்பிட்டாரு. அதே அந்தப் பொம்பளை வீட்டுக்கு!

முன்னயாவது உருமத்துக்குப் போனா சித்த நேரத்துல வந்துருவாரு. இப்ப சுத்துவழியில நடந்து போய் மாடு களைச்சுப் போகுதாம், அங்கயே மரத்தடியில படுக்கப் போட்டு, வெயில் தாழ ஓட்டிட்டு வரோணுமாம். பொழுது சாஞ்சுதான் வந்தாரு. நான் வேலி போட்டு அடைச்சதுக்கு அவளுக்கு முழுசா அரை நாளு கிடைச்சுது.

சோத்தையும் தூக்குப்போசியில கட்டிக் குடுக்க வேண்டியதாப் போச்சு. கட்டிக் குடுத்தேன். திரும்பி வந்த போசியைத் தொறந்து பார்க்கறேன், கழுவியிருக்குங்க. சும்மா கழுவலை. சாம்பல் போட்டுத் தேச்சுப் பளபளன்னு. எம் போசி அது, எங்கம்மா குடுத்தது. நானே அப்படித் தேச்சதில்லை. உள்ள ஒரு இலையில கொள்ளுத் தொவையல் வேற. “புள்ளை பெத்தவளுக்கு இடுப்புக்கு நல்லதுன்னு குடுத்து விட்டுச்சு”ங்கறாரு. அன்னிக்கு நான் சாப்பிடலை. தொவையலை மட்டும் ஒரு வாய் வச்சுப் பார்த்தேன். எப்படி அரைச்சிருக்கான்னு தெரிஞ்சுக்கத்தான். நல்லா இருந்துச்சு. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

தண்ணி குடிக்கறீங்களா இன்னும்? இருங்க, பாப்பா முழிச்சுக்கிட்டா. வா, வா... ஒறம்பரை வந்திருக்காங்க பாரு. சிரிக்கறா பாருங்க. முன்னெல்லாம் புது ஆளுன்னா அழுவா. இப்ப யாரைப் பார்த்தாலும் சிரிப்பு. அக்காகிட்ட ஒட்டிக்கிட்டு இப்படியாயிட்டா.

ஆமாங்க, அதைச் சொல்லாம விட்டா எப்படி? சித்திரையில கண்ணபுரம் தேருக்கு மாட்டுச் சந்தை கூடும்ல, எங்க வீட்டுக்காரர் காளைக்கன்னு பார்க்கப் போயிட்டாரு. மயிலைக்கு நெறமாசம். இட்டேரி சுத்தி நடக்காது, அதனால காலையில தொட்டியில குடத்துத் தண்ணி ஊத்திக் குடுத்துட்டுத்தான் போனாரு. அந்தக் குடம் அதுக்கு எந்த மூலைக்கு? வெயிலு ஏற ஏற அது பழைய கடவுகிட்டப் போய் நின்னுக்கிச்சு. வேலிக்கு மேல கழுத்தை நீட்டி மூக்கைத் தூக்கித் தூக்கி மோந்து பார்க்குது. அந்தப் பக்கம் தொட்டியில தண்ணி விழற சத்தம். நானும் கேக்கறேன், மாடும் கேக்குது.

நான் போய், “வாடா கண்ணு, வா”ன்னு கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்துட்டு, ஒரே மோதா மோதுச்சுங்க வேலியில!

முன்னங்கால் ரெண்டும் அந்தப் பக்கம். வயிறு இந்தப் பக்கம். நான் நட்ட கொப்புக நடுவுல சிக்கிக்கிச்சு. கொம்புல முள்ளு பின்னிக்கிச்சு, ஒரு கொப்பு மடிக்கு மேல குத்தி ரத்தம் ஒழுகுது. அசைஞ்சா இன்னும் எறங்கும். மாடு ‘ம்மா’ன்னு கூடச் சொல்லலை. என்னைப் பார்த்துட்டு நின்னுச்சு. வயித்துக்குள்ள கன்னு பொரளறது வெளிய தெரியுது.

வாயைத் தொறக்கறேன். சத்தம் வரலை. பொறந்ததுல இருந்து நான் யாரையும் கத்திக் கூப்பிட்டதில்லீங்க. பள்ளிக்கூடத்துல ‘உள்ளேன்’ சொல்லாத வாயி. பாப்பா இடுப்புல இருந்து வீறிடறா. அப்புறம் எங்கிருந்துதான் வந்துச்சோ.

“அக்கா! அக்கோவ்!”

ரெண்டாவது தடவை கூப்பிடறதுக்குள்ள வேலிக்கு அந்தப் பக்கம் கொடுவாள் சத்தம். “அழுவாத புள்ளே! வந்துட்டேன். பின்னால இழுத்துராத, அது பின்னால வராது. தண்ணிக்குத்தான் போகுது, போக விடு. புள்ளையைக் கீழ உக்கார வச்சுட்டு அந்த மடிகிட்ட இருக்கற கொப்பை மட்டும் கையில புடிச்சுக்க. விட்டுராத. நான் வெட்டறேன்.”

புடிச்சேன். முள்ளோட புடிச்சேன். அக்கா அந்தப் பக்கமிருந்து ஒவ்வொண்ணா வெட்டுச்சு. எல்லாம் நான் நட்டது. கடைசிக் கொப்பு விழுந்ததும் மயிலை நேராத் தொட்டிக்குப் போய் மூக்கு முங்கக் குடிச்சுது பாருங்க! நான் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு அதும் பின்னாலயே போயிட்டேன். கடவைத் தாண்டிட்டேன்னு எனக்கே தெரியாது.

அப்பத்தான் காலுல சேறு பட்டுச்சு. குனிஞ்சு பார்த்தா, நான் நட்ட கிளுவைக்கு அந்தப் பக்கமா, வேரோரமா வட்டம் வட்டமாப் பாத்தி கட்டியிருக்கு. ஈரம் காயலை. பக்கத்துல ஒரு நசுங்கின போசி.

அக்காகிட்ட நான் மொதல் மொதல்ல கேட்டது அதுதான். “இது யாரு?”

“நாந்தான்”ங்குது, ரத்தத்துக்கு மஞ்சள் வச்சுக்கிட்டே. “மழை ஒண்ணோட நின்னு போச்சல்லோ. நீ நட்டதெல்லாம் வாடிச் சாஞ்சுருச்சு. கை கிழிய நட்டியே புள்ளே, அழுதுக்கிட்டே. இந்தப் பக்கம் நின்னு பார்த்துட்டுத்தான் இருந்தேன். காஞ்சு போச்சுன்னா அதுக்கும் ஒருவாட்டி நீ அழுவியேன்னு ஊத்தினேன்.”

“எதுக்கு அடைச்சேன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாம என்ன? பாம்பு வருதுன்னு தம்பி சொல்லுச்சு”ன்னு சொல்லிட்டு ஒரே சிரிப்பு. “பாம்பு நானாக்கும்?”

பாருங்க எத்தனை தந்திரம்! நான் அடைச்ச வேலியை அவங்க தண்ணி ஊத்தி வளர்த்திருக்காங்க. நான் எங் கை ராசின்னு பெருமைப்பட்டுக்கிட்டு இருந்திருக்கேன். அப்ப அது யாரு வேலிங்க? எனக்கு இன்னிக்கு வரைக்கும் அதுல வருத்தம் உண்டு.

மயிலை அங்கயே, தொட்டிப் பக்கத்துலயே கன்னு போட்டுச்சு. செக்கச் செவேல்னு கிடேரிக்கன்னு. “ஆத்தாக்காரி இத்தனை வெளுப்பு, இது இப்படிச் செவந்திருக்கே”ன்னேன். “நம்ம மாட்டுக் கன்னெல்லாம் பொறக்கறப்ப கோவமாட்டச் செவப்பாத்தான் பொறக்கும். வளர வளர வெளுத்துரும்”னு அக்கா சொல்லுச்சு. என்னைப் பார்த்து எதுக்குச் சொல்லோணும் அதை?

எம் புருசன் அங்க என்ன பண்ணுவாருன்னும் அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நான் கேக்கலை. பொதுவா, மாடுக எங்க படுக்கும்னு கேட்டேன். அக்கா ஒரு மரத்தைக் காட்டுச்சு. “அதுக்கடியில மாடு. மாட்டுக்குப் பக்கத்துல உம் புருசன். தொட்டி நெறையறதுக்குள்ள கொறட்டை. ஒரு வார்த்தை பேசுமா அந்தத் தம்பி? நானும் உன்னையப் பத்தி ஒண்ணொண்ணாக் கேப்பேன். ‘ம்’ங்கும், ‘ஊஹூம்’ங்கும். அதுல இருந்து நானாப் புரிஞ்சுக்கோணும். ஒருநா கேட்டேன், ‘ஏந் தம்பி, உம் பொண்டாட்டியும் இப்படித்தானா, இல்லை வாய் இருக்குதா’ன்னு. அதுக்கு மட்டும் சிரிச்சுக்கிட்டே போச்சு.”

அப்ப அந்தச் சிரிப்பு... அதை விடுங்க.

அன்னிக்குப் பொழுது எறங்கியும் நான் வீட்டுக்கு வரலை. மாட்டுக்குத் துணையா இருந்தேன். எங்க வீட்டுக்காரர் சந்தையில இருந்து வந்து, வீட்டுல ஆளைக் காணாம, வேலியில ஓட்டையைப் பார்த்து, அந்தப் பக்கம் ஓடி வந்தா, அக்கா மடியில பாப்பா, நான் பேசிக்கிட்டு இருக்கேன். “நீ இத்தனை பேசுவியா!”ன்னாரு. என்ன பேசுனேன்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது. காவிரியைப் பத்திச் சொன்னேன்னு நினைக்கிறேன்.

அந்தக் கடவை அடைக்கலீங்க. ஒரு படல் கட்டி வச்சிருக்கோம். உருமத்துக்கு இப்ப நாந்தான் மாட்டை ஓட்டிக்கிட்டுப் போறேன். ஒருவாட்டி எங்க வீட்டுக்காரர், “இன்னிக்கு நான் ஓட்டிட்டுப் போறேனே”ன்னாரு. “நீங்க எதுக்கு? இங்க மரம் இல்லையா படுக்க?”ன்னுட்டேன். நான் போறது ஒரு கண்ணு வச்சுக்கத்தானுங்க. நாலையும் பார்த்துக்கோணுமில்ல? ஒரு நாள் போகாம இருந்து பார்த்தேன், இருப்புக் கொள்ளலை. அப்படி என்ன நடக்குமோன்னு. அதனால மழையோ வெயிலோ போயிருவேன்.

அக்காகிட்ட ஆளுக வர்றதும் எனக்குப் பிடிக்கறதில்லீங்க. உங்களைச் சொல்லலை. ஆட்டு யாவாரி வருவாரு, மோட்டார் மெக்கானிக் வருவாரு, அக்கா எல்லார்கிட்டயும் அதே மாதிரிச் சிரிச்சுப் பேசும். எல்லாருக்கும் தண்ணி குடுக்கும். எங்கிட்டப் பேசற மாதிரியேதான் பேசும். அதுதான் எனக்கு... ஒரு ஆளுகிட்டப் பேசற பேச்சை ஊருக்கெல்லாம் பேசினா அப்புறம் அதுல என்ன இருக்கு?

உங்க பேரு என்னன்னு நான் கேக்கவே இல்லை பாருங்க.

பேபியா.

ஓ. நீங்கதானா பேபி. ‘நானும் பேபியும் ஒரே போசியில சோறு திங்கறவங்க, அவளாட்ட ஒருத்தி எனக்குக் கிடைக்கவே இல்லை’ன்னு அக்கா சொல்லும். ரெண்டு மூணு தடவை சொல்லியிருக்கு. ஒவ்வொரு தடவை சொல்றப்பவும் நான் எந்திரிச்சு மாட்டை எண்ணப் போயிருவேன். உங்களை அக்கான்னு கூப்பிடோணும்னுதான் பார்க்கறேன். வாய் வரமாட்டேங்குதுங்க. ஒருத்தரைக் கூப்பிட்டுப் பழகிருச்சு.

நல்லவங்களாத்தான் இருக்கீங்க. பாப்பா உங்க மடிக்கு வந்துட்டா. நேரமாச்சுங்களே, கடைசி பஸ்ஸு போயிரும். அந்தப் பன்னுப் பையை இங்க வச்சுட்டுப் போனீங்கன்னா, அக்கா சந்தையில இருந்து வந்ததும் நானே குடுத்துர்றேன். பேபி வந்தாங்கன்னு சொல்லிர்றேன். மறக்க மாட்டேன்.

“துளசீ! ஏ புள்ளே! உருமமே தாண்டிப் போச்சு, மாடு தண்ணிக்குக் கத்துது, இன்னும் அங்க என்ன பண்றே? யாருகூடப் பேசிக்கிட்டு இருக்கே?”

...

அது... சந்தைக்குப் போனவங்க வந்துட்டாங்களாட்ட இருக்குது. இன்னிக்கு வெள்ளென வந்துட்டாங்க.

சிரிக்காதீங்க. நீங்களும் அவங்களாட்டவே சிரிக்கறீங்க. ஒரே பள்ளிக்கூடம்ல.

சரி, வாங்க. இட்டேரி சுத்த வேண்டாம், இப்படிக் கடவு வழியாப் போலாம். பையைக் குடுங்க, நான் எடுத்துக்கறேன். இருங்க, இருங்க, நான் முன்னால போறேன். இந்தப் படலைத் தூக்கித்தான் தொறக்கோணும், எனக்குத்தான் பழக்கம். குனிஞ்சு வாங்க, முள்ளு சேலையில மாட்டும்.

அப்புறம் ஒண்ணு. தொட்டிப் பக்கத்துல ரெண்டு கல்லு கிடக்கும். ஒண்ணுல அக்கா உக்காரும். நிழல்ல இருக்கறது, தட்டையா இருக்கும் பாருங்க, அது என்னோட கல்லு.

நீங்க தொட்டி மேல உக்காந்துக்குங்க.